படுத்திருந்த மாதா

நான் முதன்முதலில் பொறாமைப்பட்டது இன்னும் பிறக்காத ஒரு குழந்தையின் மேல். எங்குமே இல்லாத ஒருவரோடு போட்டி போடுவது எவ்வளவு சிரமம் என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும். கிள்ள முடியாது. கோள் சொல்ல முடியாது. அதன் பென்சிலை எடுத்து ஒளித்துவைக்க முடியாது. அது பாட்டுக்கு வராமல் இருந்துகொண்டே என் வாழ்க்கையைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

அப்போது எனக்கு எட்டு வயது. லண்டனின் தெற்கே மிச்சம் என்ற பகுதியில், இரண்டு படுக்கையறை வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். ஒரு அறையில் அம்மா, அப்பா, நான். மற்றதில் அம்மாவின் தங்கையான சின்னம்மாவும் அவருடைய கணவர் சித்தப்பாவும். சித்தப்பா பெட்ரோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் செய்தவர். அவர் வேலைக்குப் போனதும் நான் தலையணையைத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்குக் குடிபெயர்ந்துவிடுவேன். அம்மா அதிகாலையில் அலுவலகங்களைத் துப்புரவு செய்யப் போய்விடுவார் என்பதால் என்னை எழுப்புவது, தலை இழுத்துப் பின்னிவிடுவது, பள்ளிக்குக் கூட்டிப்போவது, திரும்பக் கூட்டிவருவது எல்லாம் சின்னம்மாதான். மீனில் முள் எடுத்துத் தருவார். என் பள்ளிக்கூட எதிரிகளின் பெயர்களை எல்லாம் மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருப்பார். சின்னம்மா எனக்குச் சொந்தம் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. சித்தப்பாவை ஒரு வாடகைக்காரராகத்தான் நான் சகித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு எங்கள் ஏற்பாடு போதவில்லை. ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது யாராவது ஒரு மாமி சின்னம்மாவின் வயிற்றை ஒரு தடவை பார்த்துவிட்டு, “என்ன பிள்ளை, விசேஷம் ஒண்டும் இல்லையோ?” என்று கேட்பார். வால்தம்ஸ்டோவிலிருந்து பெரியம்மா வந்தால் கோட்டைக் கழற்றுமுன் அதைத்தான் கேட்பார். சின்னம்மா சிரித்துவிட்டுத் தேநீர் ஊற்றப் போய்விடுவார். ஒருநாள் அம்மா, நான் சின்னம்மாவின் மடியில் கிடந்து கதை கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, “உனக்கெண்டு ஒண்டு வந்தால்தான் இவளின்ர அரியண்டம் குறையும்” என்று சொன்னார். பகிடியாகத்தான் சொன்னார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அதோடு, குழந்தை வந்தால் கவுன்சில் அவர்களுக்குத் தனி வீடு கொடுக்கும் என்று அப்பா வேறு சொல்லிவைத்திருந்தார். என் சின்னம்மாவை என்னிடமிருந்து பறிக்க ஒரு குழந்தையும் ஒரு கவுன்சிலும் சேர்ந்து சதி செய்வதாக நான் உறுதியாக நம்பினேன்.

பள்ளியிலிருந்து வரும் வழியில் ஒரு பழைய கோயில் இருந்தது. நாங்கள் ஞாயிறுகளில் போகும் கத்தோலிக்கக் கோயில் அல்ல; அது இங்கிலாந்துக்காரரின் ஊர்க்கோயில், அவர்களின் சபைக்குச் சொந்தமானது. சுவரெல்லாம் கறுப்பும் வெள்ளையுமாகச் சக்கிமுக்கிக் கற்கள். கட்டையான ஒரு கோபுரம். சுற்றிவரச் சாய்ந்த கல்லறைகள். அதன் நடுவே போகும் நடைபாதையால் போனால் பஸ் தரிப்பிடத்துக்குக் குறுக்கு வழி. எங்களுக்கு அவ்வளவுதான் அதன் பயன்.

அப்பாவுக்கு மட்டும் அந்தக் கோயிலோடு ஒரு காணி வழக்கு இருந்தது. அதைக் கடந்து போகும்போதெல்லாம் நடையைத் தளர்த்துவார். “உது முந்தி எங்கட கோயில். லத்தீன் பூசை நடந்த இடம். ராசாவுக்கு ரெண்டாம் கலியாணம் கட்ட ஆசை வந்திட்டுது. பாப்பரசர் ஏலாது எண்டிட்டார். உடன எல்லாக் கோயிலையும் பறிச்சுப்போட்டான்” என்பார். ஐந்நூறு வருடத்துக்கு முந்திய விஷயத்தை, போன கிழமை பக்கத்து வீட்டுக்காரன் வேலியை நகர்த்திப் போட்டதுபோலச் சொல்வார். இலங்கையில், மன்னாரில், அவர் ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்குள் அப்போது ஆமி முகாம் இருந்தது. அந்தக் கோபத்தையும் சேர்த்து இந்தக் கோபுரத்தின் மேல்தான் காட்டினார் என்று நினைக்கிறேன். உள்ளே போய்ப் பார்ப்போமா என்று கேட்டால், பறித்தவன் வீட்டு வாசற்படி மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிடுவார்.

வாசற்படி மிதித்தது சின்னம்மாதான். ஒரு புதன்கிழமை மழை அடித்து ஊற்றியது. குடையும் இல்லை. கோயில் கதவு திறந்திருந்தது. ஓடிப்போய் உள்ளே நின்றோம். ஈரச்சுவரின் மணமும் பழைய புத்தகங்களின் மணமும் கலந்து அடித்தது. ஆட்கள் யாரும் இல்லை. எங்கள் கோயிலில் திரும்பின பக்கமெல்லாம் சொரூபங்கள் இருக்கும். இங்கே சுவரில் குடைந்த மாடங்கள் எல்லாம் வெறுமையாக இருந்தன. ஒரு மாடத்தில் மட்டும் ஏதோ ஒரு புனிதரின் இரண்டு பாதங்கள் மிஞ்சியிருந்தன. மேலே ஆள் இல்லை.

பக்கத்துச் சுவரோரம், இடுப்புயரக் கம்பி வேலிக்குள், ஒரு கல்மேடை இருந்தது. அதில் ஒரு பெண் மல்லாந்து படுத்திருந்தாள். வெளிறிய கல்லில் செதுக்கிய பெண். தலையில் முக்காடு. கைகள் நெஞ்சின்மேல் கூப்பியபடி. மூக்கு உடைந்திருந்தது. அவளுடைய இடது பக்கத்தில், கழுத்திலிருந்து கால்வரை துணியால் இறுக்கிச் சுற்றிய ஒரு குழந்தை, ஒரு பாண் ரொட்டி அளவில், கிடந்தது. சின்னம்மா வேலியைப் பிடித்தபடி நின்றார். மழை விட்ட பிறகும் நின்றார். நான் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் அசைந்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு புதனும் “அவவிட்ட ஒருக்கா போயிட்டு வருவம்” என்பார். மெழுகுதிரி ஒன்று வாங்கிப் பைக்குள் வைத்திருப்பார். கம்பி வேலிக்கு முன் கல்தரையில் அதை ஏற்றிவைத்துவிட்டுப் பக்கத்து மர வாங்கில் உட்கார்ந்திருப்பார். செபமாலை வெளியே எடுப்பதில்லை. வாய் அசைவதுமில்லை. நான் வீட்டுப்பாடம் செய்வேன் அல்லது மிஞ்சிய பாதங்களுக்கு மேலே யார் நின்றிருப்பார் என்று யோசிப்பேன்.

எனக்கு விஷயம் பிடிபட்டது மூன்றாவதோ நான்காவதோ தடவைதான். சின்னம்மா பையிலிருந்து ஒரு சிறிய வெள்ளைத் துணியை எடுத்து, அதன் இரண்டு முனைகளையும் கம்பி வேலியில் கட்டினார். நடுவில் அது தொட்டிலாகத் தொங்கியது. பிள்ளை இல்லாதவர்கள் ஊரில் மடு மாதா கோயிலில் தொட்டில் கட்டி நேர்த்தி வைப்பார்கள், மாதா பிள்ளை கொடுப்பார் என்று அம்மா சொல்ல நான் கேட்டிருக்கிறேன். அப்போ இது மாதா. பக்கத்தில் கிடப்பது குழந்தை இயேசு. ஏன் படுத்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய கேள்வியாகத் தெரியவில்லை. இங்கிலாந்துக் குளிருக்கு எழும்ப மனம் வந்திருக்காது. ஆக, என் முதுகுக்குப் பின்னால், என்னையே துணைக்குக் கூட்டிவந்து, என் எதிரியைக் கொண்டுவர ஏற்பாடு நடக்கிறது.

அன்று இரவு சாப்பாட்டின்போது நானே விஷயத்தைப் போட்டு உடைத்தேன். கேட்டுவிட்டு அம்மா சின்னம்மாவின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டார். அப்பாவுக்குத்தான் சந்தோஷப் புளுகம் தாங்கவில்லை. “பாத்தியே, எல்லாத்தையும் உடைச்சவங்கள், மாதாவில மட்டும் கை வைக்க ஏலாமப் போச்சுது” என்றார். சின்னம்மா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

நானும் சும்மா இருக்கவில்லை. அடுத்த புதன் சின்னம்மா வாங்கில் இருந்த நேரம், கம்பி வேலியின் மறுபக்கம் போய், படுத்திருந்த மாதாவின் காதருகே என் விண்ணப்பத்தைச் சமர்ப்பித்தேன். எங்கள் வீட்டில் இரண்டு அறைதான் இருக்கிறது, இடம் காணாது என்றேன். வால்தம்ஸ்டோப் பெரியம்மாவுக்கு வேண்டுமென்றால் கொடுக்கலாம், அங்கே மூன்று அறை என்றும் ஆலோசனை சொன்னேன். யாருடைய மன்றாட்டு முதலில் எடுபடும் என்ற கவலையில் பல நாள் சோறு இறங்கவில்லை. சின்னம்மா மெழுகுதிரி ஏற்றுகிறவர். என்னிடம் மெழுகுதிரி வாங்கக் காசும் இல்லை.

என்னைக் காப்பாற்றியது பள்ளிக்கூடம். எங்கள் வகுப்பை அந்தக் கோயிலுக்கே வரலாறு படிக்கக் கூட்டிப்போனார்கள். கம்பளிச் சட்டையும் இடுப்பில் சாவிக்கொத்துமாக, உயர்ந்த ஒரு கிழவி எங்களை வரவேற்றார். அந்தக் கோயிலைத் தன் வீடுபோலவே அவர் சுற்றிக்காட்டினார். கோபுரத்தின் அடிப்பகுதிதான் ஆகப் பழையது, ஊரில் சனம் கூடக் கூட வடக்குப் பக்கம் இடித்துப் பெருப்பித்தார்கள், பிறகு கொள்ளைநோய் வந்து சனம் பாதியாகிப் பெருப்பித்த இடம் வெறுமையாய்க் கிடந்தது என்றார். இந்த வெள்ளைச் சுவரெல்லாம் ஒருகாலத்தில் நிறைய ஓவியம், வாசிக்கத் தெரியாத சனம் சுவரைப் பார்த்துத்தான் மோட்சமும் நரகமும் படித்தது என்றார். ராசாக்களின் கட்டளை வந்ததும் எல்லாவற்றுக்கும் மேலே சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். ஒரு மூலையில் சுண்ணாம்பை உரித்த இடத்தில் பிசாசு ஒன்றின் சிவப்புக் கால் தெரிந்தது. முழு வகுப்பும் அதைத் தொட்டுப் பார்க்க முண்டியடித்தது.

பிறகு படுத்திருந்த மாதாவிடம் வந்தோம். நான் பெருமையோடு முன்னுக்குப் போய் நின்றேன். எனக்குத் தெரிந்தவர் அல்லவா. கிழவி சொன்னார்: இவள் இந்த ஊர்க் காணிக்காரர் ஒருவரின் மனைவி. பிள்ளைப்பேற்றில் இறந்துபோனாள். பிள்ளையும் தங்கவில்லை. இரண்டு பேரையும் இந்தத் தரைக்குக் கீழேதான் அடக்கம் செய்தார்கள். புனிதர்களை உடைக்கச் சுத்தியலோடு வந்தவர்கள் இவளைத் தொடவில்லை. ஏனென்றால் இவள் புனிதை இல்லை, சாதாரணப் பெண். மூக்கை உடைத்தது பிற்காலத்தில் ஏணி கொண்டுபோன ஒரு வேலையாள்.

வகுப்பிலிருந்த மற்றப் பிள்ளைகள் முகம் வாடி நின்றார்கள். நான் ஒருத்திதான் சந்தோஷம் பொறுக்காமல் நின்றேன். இது மாதா இல்லை. மாதா இல்லையென்றால் நேர்த்தி பலிக்காது. சின்னம்மா எத்தனை மெழுகுதிரி ஏற்றினாலும், எத்தனை தொட்டில் கட்டினாலும், அது சேரவேண்டிய இடத்துக்குச் சேராது. இவ்வளவு நல்ல செய்தியை நான் அதுவரை பள்ளிக்கூடத்தில் கேட்டதே இல்லை.

இதை வீட்டில் சொல்ல எனக்கு என்ன பைத்தியமா? சொன்னால் சின்னம்மா உண்மையான மாதாவைத் தேடிப் போய்விடுவார். உண்மையான மாதா கொடுத்துத் தொலைத்துவிடுவார். இந்தப் பிழை என் சொத்து. அதைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றினேன். புதன்கிழமை வந்தால் “சின்னம்மா, மாதாவிட்ட போகேல்லையோ?” என்று நானே ஞாபகப்படுத்துவேன். மெழுகுதிரியை நான்தான் தூக்கி வருவேன். வருடாவருடம் எங்கள் சனம் கோச் பஸ் பிடித்து வடக்கே ஒரு மாதா கோயிலுக்கு யாத்திரை போகும். அந்த வருடம் அம்மா சின்னம்மாவுக்கும் ஒரு சீட் பிடித்துவைத்திருந்தார். அன்று காலை எனக்கு வந்த வயிற்றுக்குத்தைப் போல இன்றுவரை எனக்கு வந்ததில்லை. சின்னம்மா கோச்சில் ஏறாமல் என் வயிற்றில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருந்தார். பின்னேரம் இருவரும் டோஸ்ட் சாப்பிட்டோம். வெற்றியின் ருசி அதில் நன்றாகத் தெரிந்தது.

கோடை விடுமுறைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு புதன். சின்னம்மா வாங்கில் இருந்தார். நான் பக்கத்தில். சாவிச் சத்தம் கேட்டது. அந்தக் கிழவி எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

அவர் வாயைத் திறந்தால் எல்லாம் போச்சு. ஆனால் ஒரு தைரியமும் இருந்தது. யார் வந்து என்ன கேட்டாலும் எங்கள் வீட்டில் மொழிபெயர்ப்பாளர் நான்தான். டொக்டரிடமும் கவுன்சிலிலும் பள்ளியிலும் சின்னம்மா என்னைத்தான் முன்னுக்குத் தள்ளுவார். முதியோர் இல்லத்தில் வேலை செய்தவர் என்பதால் அவருக்கு ஆங்கிலம் அறவே வராது என்றில்லை. நான் பள்ளியில் இருக்கிற நேரமெல்லாம் வெள்ளைக்காரக் கிழவிகளைக் குளிப்பாட்டி, சாப்பாடு தீத்தி, அவர்களோடு கதைத்துவிட்டுத்தான் வருவார். ஆனால் அதிகாரமாக யாராவது வந்து நின்றால் அந்த ஆங்கிலம் ஓடி ஒளிந்துவிடும் என்பார்.

கிழவி என்னை அடையாளம் கண்டு சிரித்தார். பிறகு சின்னம்மாவைப் பார்த்து, இவர் உன் அம்மாவா என்று கேட்டார். நான் ஆம் என்று தலையாட்டினேன். அதில் எனக்கு ஒரு சங்கடமும் இருக்கவில்லை. இங்கே துணி கட்டுவதும் மெழுகுதிரி ஏற்றுவதும் உன் அம்மாதானா, பல நாளாக யாரென்று பார்த்துக்கொண்டிருந்தேன், பிழையென்று சொல்ல வரவில்லை, ஆனால் இந்தப் பெண் யார் என்று அவருக்குத் தெரியுமா, கேட்டுச் சொல்கிறாயா என்றார்.

நான் சின்னம்மாவிடம் திரும்பி, “மெழுகுதிரி கவனமாம். நெருப்புப் பிடிக்குமாம்” என்றேன்.

சின்னம்மா என்னைப் பார்த்தார். ஏசும் பார்வை இல்லை. “அவ கேட்டது அதில்லை, குஞ்சு” என்றார்.

சின்னம்மா வாங்கை விட்டு எழும்பவில்லை. கல்லில் கிடந்த குழந்தையைப் பார்த்தபடி சொன்னார். “எனக்குத் தெரியும் எண்டு சொல்லு. முதல் நாளே தெரியும். உயிரோட இருக்கிற பிள்ளையை ஆரும் பக்கத்தில கிடத்திப்போட்டுக் கையைக் கூப்பிக்கொண்டு கிடப்பினமோ?”

நான் சொன்னேன். சின்னம்மா தொடர்ந்தார். ஒவ்வொரு வசனத்தையும் சொல்லிவிட்டு, நான் ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார்.

“எனக்கும் ஒண்டு பிறந்தது. பெட்டை. இடம்பெயர்ந்து போகேக்க, வழியில ஒரு பள்ளிக்கூடத்தில.”

“பொழுதுபடவே போயிட்டுது.”

“தொட்டில் கட்ட நேரமிருக்கேல்லை. அதுதான் இதில கட்டினனான்.”

நான் எல்லாவற்றையும் சரியாக மொழிபெயர்த்தேன். மெழுகுதிரிப் பொய்க்குப் பிறகு ஒரு சொல்லும் மாற்றத் தைரியம் வரவில்லை. இடம்பெயர்தல் என்பதற்கு மட்டும் எனக்கு ஆங்கிலம் தெரியவில்லை. வீடு மாறியபோது என்று சொன்னேன். என் குரல் அந்தக் கோயிலின் கூரை வரை போய்த் திரும்பி வந்தது. கிழவி சின்னம்மாவுக்குப் பக்கத்தில், நான் இருந்து எழும்பிய இடத்தில், உட்கார்ந்தார். சின்னம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு இடம் இல்லாமல் போய்விட்டது. இரண்டு பேரும் ஒரு பாஷையும் பேசாமல் இருந்தார்கள். நான் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்ன உணர்ந்தேன் என்று யாராவது கேட்டால், துக்கம் என்று சொல்லத்தான் ஆசை. இல்லை. பொறாமைதான். இவ்வளவு நாளும் வராத குழந்தையோடு போட்டி போட்டுக்கொண்டிருந்தேன். அது எனக்கு முன்னமே வந்துவிட்டுப் போயிருக்கிறது. பெட்டையாம். சின்னம்மாவின் மடியில் எனக்கு முன் ஒருத்தி கிடந்திருக்கிறாள். ஒரு பகல்தான் இருந்தாள் என்றாலும் இருந்தாள். அதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல் இன்னொன்று. என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நித்திரை கொள்கிறவர், என்னிடம் ஒரு இரவுகூட இதைச் சொல்லவில்லை. பெயர்கூடத் தெரியாத ஒரு கிழவி சாவிக்கொத்தோடு வந்து நின்றதும் சொல்லிவிட்டார்.

கிழவி வாசல்வரை வந்து வழியனுப்பினார். துணியைக் கழற்றத் தேவையில்லை என்று சொல்லச் சொன்னார். அதையும் நானே சொல்லவேண்டியிருந்தது. பஸ் தரிப்பிடம்வரை சின்னம்மாவின் கையைப் பிடிக்காமல் முன்னால் நடந்தேன். பஸ்ஸிலும் ஜன்னல் பக்கமாகத் திரும்பி இருந்தேன். கடைசியில் தாங்கமுடியாமல், “ஏன் அவவிட்டச் சொன்னனீங்கள்? எனக்கு ஏன் சொல்லேல்லை?” என்று கேட்டேன்.

சின்னம்மா ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர்போல இருந்தது. பிறகு என் சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டிவிட்டு, இரவைக்கு என்ன சமைக்க என்று கேட்டார். பல நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தேன். சித்தப்பா வேலைக்குப் போன இரவுகளிலும் அம்மாவோடேயே படுத்தேன்.

இப்போது யோசித்தால், அந்தக் கிழவிக்கு மட்டும் சொல்வதென்றால் சின்னம்மாவிடம் போதுமான ஆங்கிலம் இருந்தது. அவர் கேட்ட கேள்வியை நான் சொல்லாமலே விளங்கிக்கொண்டவர் அவர். இருந்தும் அவர் அதைத் தமிழில்தான் சொன்னார், வசனம் வசனமாக, ஒவ்வொன்றுக்கும் என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்து. அவரைத் தவிர அந்தக் கோயிலுக்குள் அப்போது தமிழ் தெரிந்திருந்தது என் ஒருத்திக்கு மட்டும்தான்.